ஆட்டோஃபோகஸுக்காக கேமராவை மாற்றலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆட்டோஃபோகஸை, அதாவது கேமரா தானாகவே தெளிவைப் பிடிக்கும் வசதியைப் பற்றியவை. "புது கேமராக்கள் கண்ணையே தேடிப் பிடிக்கின்றனவாமே, எங்கள் பழைய கேமராவை என்ன செய்ய?" என்பதுதான் பலருடைய கவலை. பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் குளத்தங்கரைக்குப் பறவைப் படம் எடுக்கப் போய்விடுவேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்வி முதலில், கேட்டவர் யார் என்பது அதன் கீழே, பிறகு என் பதில்.

பல வருடமாகக் கல்யாண வேலை செய்கிறேன். நிக்கான் டி750, 24-70 ஜி லென்ஸ், 85 எஃப் 1.8 ஜி, பழைய 80-200 டி லென்ஸ் இருக்கின்றன. கூட வேலை பார்க்கும் பையன்கள் எல்லாம் மிரர்லெஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்கு) போய்விட்டார்கள். "கண்ணை அதுவே பிடிச்சுக்குதுண்ணே, ஃபிரேமை மட்டும் பார்த்தா போதும்" என்கிறார்கள். ஆட்டோஃபோகஸ் ஒன்றுக்காக மொத்த செட்டையும் மாற்றலாமா?
– கல்யாண போட்டோகிராஃபர், திண்டுக்கல்

பையன்கள் சொல்வது உண்மைதான். கல்யாண வேலைக்கு ஆட்டோஃபோகஸ் ரொம்ப முக்கியம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ரிசப்ஷனில் மாப்பிள்ளையை இன்னொரு தடவை நிற்கச் சொல்லலாம். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. திரும்பக் கேட்க முடியாத நொடிகள் உங்கள் வேலையில் எவ்வளவு அதிகமோ, ஆட்டோஃபோகஸுக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாம். சிஸ்டம் (பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவும் அதற்கான லென்ஸ்களும் சேர்ந்த செட்) தேர்ந்தெடுக்க என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் கணக்கு இதுதான்.

டி750-இல் 51 ஃபோகஸ் புள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அத்தனையும் ஃபிரேமின் நடுவில் குவிந்து கிடக்கும். நிற்கிற பெண்ணை முழு உயரத்துக்கு எடுத்தால் முகம் மேலே போய்விடும், அங்கே புள்ளியே இருக்காது. நடுப்புள்ளியை முகத்தில் வைத்து, ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு, கேமராவைக் கீழே சாய்த்துத்தான் கிளிக் செய்வோம். எஃப் 5.6-இல் இது ஒன்றும் செய்யாது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஷார்ப்பாக விழும் ஆழம் குறையும். 85 லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால், ஷார்ப்பாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. கண்ணில் வைத்தால் காது மங்கும். சாய்க்கிற நேரத்தில் பெண் மூச்சு விட்டு லேசாக முன்னால் வந்தாலே மூக்கோ காதோதான் ஷார்ப்பாக இருக்கும்.

உங்கள் டி750 மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாக, கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. சின்னக் கண்ணாடி ஒன்று அதற்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும். அந்தக் கண்ணாடி எட்டுகிற இடம் வரைதான் புள்ளிகள் வைக்க முடியும். அது போக, படம் விழும் சென்சாரும் ஃபோகஸ் பார்க்கும் சென்சாரும் ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் எல்லாப் படமும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும். மெனுவில் ஃபைன் டியூன் வைத்திருப்பது அதைச் சரிசெய்யத்தான். மிரர்லெஸில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. ஓரம் வரை புள்ளி வைக்கலாம், முன்பின் விழும் தொல்லையும் இல்லை. முகத்தையும் கண்ணையும் அடையாளம் காண்பது அதற்கு மேல் வந்தது. கேண்டிட் வேலையில் (போஸ் கொடுக்காமல் இயல்பாக இருப்பவர்களை எடுப்பதில்) இதன் சுகத்தை அனுபவித்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள். அலங்கார அறையில் பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நமக்கு அவள் பின்தலையும் கண்ணாடியில் முகமும் தெரிகின்றன. கண்ணாடிக்குள் தெரியும் முகம் தூரக் கணக்கில் கண்ணாடிக்கும் பின்னால் இருக்கிறது. பழைய கேமரா சட்டென்று கொண்டையில் ஃபோகஸ் போட்டுவிடும். புது கேமரா பிம்பத்தில் இருக்கும் கண்ணையே பிடிக்கிறது. பொட்டு வைக்கிற விரலின் பின்னால் அந்தக் கண் அப்படியே நிற்கும்.

ஆனால் முகூர்த்தத்துக்குக் கண்ணைத் தேடும் வசதியை முழுசாக நம்பாதீர்கள். கெட்டிமேளம் என்றதும் ஐயர் குனிகிறார், நாத்தனார் பின்னாலிருந்து கையை நீட்டுகிறார், பெண்ணின் தலை குனிந்திருக்கிறது, மாலை கன்னம் வரை ஏறியிருக்கிறது, ஓமப் புகை வேறு. அதற்குள் நாலா பக்கமும் அட்சதை பறக்கிறது. அந்தச் சின்ன இடத்தில் ஏழெட்டு முகம். கேமரா பெண்ணை விட்டுவிட்டுப் பின்னால் தெளிவாகத் தெரியும் மாமாவின் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நான் கண் தேடலை நிறுத்திவிட்டு, ஒரு சின்னக் கட்டத்தைத் தாலியும் விரல்களும் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்வேன். 24-70-ஐ 50 மி.மீ.க்குக் கொண்டுவந்து எஃப் 4. இரண்டு மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 38 செ.மீ. ஆழம் கிடைக்கும். முடிச்சு, விரல்கள், பெண்ணின் முகம் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். இதை உங்கள் டி750-யும் செய்யும்.

செலவைப் பாருங்கள். ஜி லென்ஸ்கள் இரண்டும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் நிக்கானின் மிரர்லெஸான இசட் பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். 80-200 டி செய்யாது. அந்த லென்ஸை பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் திருப்புகிறது, அடாப்டரில் மோட்டார் கிடையாது. ஆக 80-200-க்கு மாற்று வாங்கும் பணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வேறு கம்பெனிக்கு மாறினால் மூன்று லென்ஸும் போகும். என் யோசனை: ஒரு முகூர்த்தத்துக்கு இசட் 6-II அல்லது இசட் 6-III பாடியை வாடகைக்கு எடுத்து உங்கள் 85-ஐ அதில் போட்டுப் பாருங்கள். கேண்டிட் படங்களில் வித்தியாசம் தெரிந்தால் ஒரு பாடி வாங்கலாம், டி750 இரண்டாவது கேமராவாக இருக்கட்டும். கெட்டுப்போகும் படங்கள் இருட்டு மண்டபத்தில்தான் கெடுகின்றன என்றால் முதலில் நல்ல லைட் இரண்டு வாங்குங்கள். ஆட்டோஃபோகஸுக்கும் வெளிச்சம்தான் சாப்பாடு.

ஓடுகிற என் பெண் குழந்தையை எடுத்தால் எல்லாப் படமும் ஃபோகஸ் அவுட். கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ். ஃபோனிலேயே நன்றாக வருகிறது. கேமராவின் ஆட்டோஃபோகஸ் மோசமா?
– வாசகி, திருச்சி

அனுப்பியிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றில் பலவும் ஃபோகஸ் அவுட் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு, குழந்தைக்கு முன்னாலும் பின்னாலும் தரையில் தேடுங்கள். பாயின் ஓரமோ, ஒரு பொம்மையோ, தரை ஓட்டின் கோடோ எங்காவது ஊசி மாதிரி ஷார்ப்பாக இருந்து குழந்தை மட்டும் பஞ்சாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய வாசற்படிப் படத்தில் படியின் விளிம்பு தெளிவாகவே இருக்கிறது, குழந்தையும் அதே படியில்தான் இருக்கிறாள். ஆனால் அவள் கையும் வளையலும் ஒரே திசையில் இழுபட்டிருக்கின்றன. அது ஷட்டர் வேகம் போதாததால் வந்தது. ஃபைலில் 1/60 நொடி என்று இருக்கிறது. ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும்.

மோட் டயலை டிவிக்கு (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) திருப்பி 1/500 வையுங்கள், ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸ் முறையை ஒன் ஷாட்டிலிருந்து ஏஐ சர்வோவுக்கு மாற்றுங்கள், அப்போதுதான் ஓடி வரும் குழந்தையைக் கேமரா தொடரும். 1500டி-யில் ஒன்பது புள்ளிகள், அதில் நடுப்புள்ளிதான் வலுவானது. அதை மட்டும் பயன்படுத்துங்கள். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்காதீர்கள். அந்த மாடலில் திரையில் எடுக்கும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் போய்த் தேடும், அதற்குள் குழந்தை அடுப்படிக்குப் போய்விடுவாள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தே எடுங்கள்.

ஃபோனில் நன்றாக வருவதற்குக் காரணம், அதன் சென்சார் மிகச் சின்னது. அதனால் முன்னும் பின்னும் நிறைய தூரம் தானாகவே தெளிவாக விழுந்துவிடும், தவறினாலும் தெரியாது. இதையெல்லாம் செய்து பார்த்த பிறகும் மனசு நிறையவில்லை என்றால் கேனான் ஆர்50 மாதிரி சின்ன மிரர்லெஸ் ஒன்று உங்களுக்குப் பெரிய மாற்றமாக இருக்கும். குழந்தைப் படத்தில் கண் தேடல் ஒரு வரம் என்றே சொல்வேன்.

ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்தில் படமே எடுக்கவில்லையா? இதெல்லாம் விளம்பரம் செய்த வேலை என்பது என் கருத்து.
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி

எடுத்தார்கள், பிரமாதமாகவே எடுத்தார்கள். நான் வேலை கற்றுக்கொண்ட ஸ்டூடியோவில் கேமராவின் வியூஃபைண்டர் நடுவே வட்டமாக ஒரு சில்லு இருக்கும். சேலைக் கரை அதில் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும், லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு துண்டும் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் கிளிக். உட்கார்ந்திருப்பவர்களை எடுக்க இன்றைக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஆனால் விளம்பரம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆட்டோஃபோகஸ் ஒரு தொழிலையே இடம் மாற்றியிருக்கிறது. சாதாரண மக்கள் வாங்கும் கேமராவில் அது முதலில் வந்தது 1977-இல், கோனிகா சி35 ஏஎஃப். 1981-இல் பென்டாக்ஸ் எம்ஈ-எஃப் வந்தது, அதற்கென்றே தனி மோட்டார் லென்ஸ் வேண்டியிருந்தது. 1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் எஸ்எல்ஆர் உலகம் திரும்பிப் பார்த்தது, மோட்டாரும் சென்சாரும் பாடிக்குள்ளேயே இருந்தன. அதன் தொழில்நுட்பம் எங்களுடையது என்று அமெரிக்காவின் ஹனிவெல் வழக்குப் போட்டு, 1992-இல் மினோல்டா 12.75 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. ஒரு வசதிக்கு அவ்வளவு விலை இருந்தது.

சிஸ்டம் தேர்வு செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அதற்கு அடுத்தது. நிக்கான் 1959-லிருந்து வரும் தன் எஃப் மவுண்ட்டை (பாடியில் லென்ஸ் மாட்டும் வாயை) விடாமல், பழைய லென்ஸ்காரர்களைக் கைவிடாமல் ஆட்டோஃபோகஸைச் சேர்த்தது. மோட்டார் பாடிக்குள் இருந்து ஒரு திருகு வழியாக லென்ஸைத் திருப்பும். கேனான் 1987-இல் ஈஓஎஸ் 650-ஐக் கொண்டுவந்தபோது பழைய எஃப்டி மவுண்ட்டையே தூக்கிப் போட்டது. மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. எஃப்டி லென்ஸ் வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் பெரிய டெலி லென்ஸைத் திருப்ப, உள்ளேயே இருக்கும் மோட்டார்தான் வேகம். கொஞ்ச வருடத்தில் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் கேனானின் வெள்ளை லென்ஸ்கள் வரிசையாக நின்றன. 90-களில் நிக்கானும் மோட்டாரை லென்ஸுக்குள் வைக்கத் தொடங்கியது. இன்றைக்கு மிரர்லெஸுக்கு வந்தபோது இரண்டு கம்பெனியும் மவுண்ட்டை மாற்றின. உங்கள் பழைய லென்ஸ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் போட்டுக் கையால் ஃபோகஸ் செய்து எடுக்க அவை இன்னும் அருமையானவை.

பணி ஓய்வுக்குப் பிறகு பறவைப் படம் எடுக்கிறேன். கூந்தன்குளம் எனக்குப் பக்கம். கேனான் 7டி மார்க் II, 400 எஃப் 5.6 லென்ஸ். பறக்கும் பறவைகளில் பாதிக்கு மேல் வீணாகிறது. எல்லாக் கம்பெனியும் "பறவைக் கண்" என்கிறார்கள். யாருடையது நம்பத் தகுந்தது?
– முன்னாள் ஆசிரியர், நாங்குநேரி

வணக்கம் சார். கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவதை ஊரே பொறுத்துக்கொண்டு காப்பாற்றுகிறதே, அங்கே படம் எடுக்கும் பாக்கியம் உங்களுக்கு.

எந்தப் பறவை என்று முதலில் கேட்பேன். நாரை, கூழைக்கடா இரண்டும் கனத்த பறவைகள், கூட்டுக்கு வரும் வழியும் மாறாது. குச்சியைக் கவ்விக்கொண்டு நாரை கூட்டில் இறங்குவதை உங்கள் 7டி மார்க் II தாராளமாகப் பிடிக்கும். 65 புள்ளிகள், நொடிக்குப் பத்துப் படம், வேகமான லென்ஸ். இதற்குக் கேமரா மாற்ற வேண்டாம். பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் தகைவிலானும் வேறு கதை. தகைவிலான் தண்ணீரை ஒட்டி வரும்போது பின்னால் கரையும் புல்லும் இருக்கும், கேமரா பறவையை விட்டுப் புல்லுக்குத் தாவிவிடும். பறவை இதுதான் என்று அடையாளம் கண்டு தொடரும் கேமராக்கள் வென்றது இந்த இடத்தில்தான். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, புல் பின்னணியில் வித்தியாசம் கண்கூடு.

யாருடையது என்றால், உச்சியில் சோனி ஏ1, நிக்கான் இசட்9, இசட்8, கேனான் ஆர்3, ஆர்5-II எல்லாமே அசத்துகின்றன. அங்கே கம்பெனி பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை. உங்களிடம் இருக்கும் 400 எஃப் 5.6 அடாப்டர் போட்டால் கேனான் ஆர் பாடிகளில் நன்றாக வேலை செய்யும், ஆகவே கேனானிலேயே இருங்கள். ஆர்7 விலையில் எட்டும், பறவையையும் பிடிக்கும். ஆனால் அதில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு எடுத்தால் சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிக்கும் நேரத்துக்குள் சிறகு நகர்ந்து வளைந்து விழும். மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள். வாங்க முடிந்தால் ஆர்6-II இருட்டிலும் கை கொடுக்கும், ஆனால் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) என்பதால் பறவை சின்னதாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. டிஎஸ்எல்ஆர்களில் எஃப் 5.6-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் திணறும், நல்ல மாடல்கள் பலவற்றில் நடுப்புள்ளி எஃப் 8 வரை போகும். அதனால்தான் டெலி லென்ஸ்கள் அவ்வளவு தடிமனாகவும் விலையாகவும் இருந்தன. மிரர்லெஸ் வந்த பிறகு 2020-இல் கேனான் 600, 800 இரண்டையும் எஃப் 11-இல் விற்றது. கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய 800! பழைய கேமராவில் இப்படி ஒரு லென்ஸ் ஃபோகஸே ஆகாது. சாயங்காலம் மங்கினால் எஃப் 11 தவிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் பென்ஷன் பணத்தில் பறவை பார்க்கிறவர்களுக்குப் புது ஆட்டோஃபோகஸ் கொடுத்த பெரிய கொடை இது என்று நினைக்கிறேன். அப்புறம் உங்கள் 400 லென்ஸின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது பாருங்கள், 3.5 மீட்டர் முதல், 8.5 மீட்டர் முதல் என்று. பறக்கும் பறவைக்கு 8.5-இல் வைத்தால் லென்ஸ் பக்கத்துத் தூரத்தையெல்லாம் தேடி நேரத்தை வீணாக்காது.

நாட்டியாஞ்சலி நாட்களில் பரதம் எடுக்கிறேன். இருட்டில் ஃபோகஸ் ஆகும் அளவை ஒரு கம்பெனி -6.5 என்கிறது, இன்னொன்று -4 என்கிறது. முதலாவதையே வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

எண் கீழே போகப் போக அதிக இருட்டிலும் ஃபோகஸ் ஆகும் என்று அர்த்தம், ஆனால் அந்த இரண்டு எண்ணையும் அப்படியே ஒப்பிடாதீர்கள் அம்மா. கேனான் ஆர்6-இன் -6.5 என்பது எஃப் 1.2 லென்ஸ் போட்டு அளந்தது. சோனி ஏ7-IV சொல்லும் -4 எஃப் 2 லென்ஸுக்கானது. எஃப் 1.2-க்கும் எஃப் 2-க்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அதைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு ஸ்டாப் வித்தியாசம்தான். உங்கள் கையில் எஃப் 5.6-க்குப் போகும் கிட் லென்ஸ் இருந்தால் இரண்டு எண்ணும் உங்களுக்குக் கிடைக்காது. பாடியை விட 85 எஃப் 1.8 லென்ஸ் ஒன்று உங்கள் இருட்டைத் தீர்க்கும். ஃபோகஸ் நேரத்தில் லென்ஸ் எவ்வளவு வெளிச்சம் விடுகிறதோ அவ்வளவுதான் கேமராவுக்குத் தெரியும்.

மேடையில் இருட்டை விடப் பெரிய தொல்லை முத்திரைதான். அலபத்மம் பிடித்த கை முகத்துக்கு முன்னால் வந்ததும் ஃபோகஸ் விரலுக்குத் தாவும், கை விலகியதும் முகத்துக்குத் திரும்ப நேரம் எடுக்கும், அதற்குள் கண் பேசி முடித்திருக்கும். பல கேமராக்களில் தொடர் ஃபோகஸ் மெனுவில் "குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டும்" என்ற அமைப்பு ஒன்று உண்டு. கேனானில் டிராக்கிங் சென்சிட்டிவிட்டி, நிக்கானில் லாக்-ஆன் என்று இருக்கும். அதை மெதுவான பக்கம் தள்ளி வையுங்கள்.

ஃபுஜி எக்ஸ்-டி3, 35 எஃப் 1.4 லென்ஸ். கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து எடுக்கிறேன். ஃபுஜியின் ஆட்டோஃபோகஸ் சரியில்லை என்று சோனிக்கு மாறச் சொல்கிறார்கள். ஃபுஜியின் நிறம் எனக்குப் பிடிக்கும்.
– ஆவணப்பட ஆர்வலர், திருவண்ணாமலை

மாறாதீர்கள். குறைந்தபட்சம் இப்போது மாறாதீர்கள்.

உங்கள் 35 எஃப் 1.4 ஃபுஜி முதல் வரிசையில், 2012-இல் வெளியிட்ட லென்ஸ். படம் அழகு, எனக்கே ஆசை உண்டு. ஆனால் ஃபோகஸுக்காக உள்ளிருக்கும் கண்ணாடிகள் மொத்தமாக நகர வேண்டும், மோட்டாரும் மெதுவானது, சத்தம் காதுக்கே கேட்கும். நீங்கள் கேமராவின் குறை என்று நினைப்பதில் ஒரு பங்கு இந்த லென்ஸுடையது. நண்பர் யாரிடமாவது 35 எஃப் 2 லென்ஸை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதே பாடி புதுசு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவில் ஏற்றிக்கொள்ளலாம்.

கூத்தில் கண் தேடலை நம்பி எந்தக் கம்பெனிக்கும் போக வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. பெரிய கிரீடம், புஜக்கீர்த்தி, கண்ணைச் சுற்றித் தீட்டிய மை, சிவப்பு அரிதாரம். துரியோதனன் வேஷம் கட்டி வந்தால் கேமராவுக்கு அது முகமா என்பதே சில நேரம் சந்தேகம். கிறுகிறுவென்று சுற்றும்போது இன்னும் மோசம். கட்டியங்காரன் நின்று பேசும்போது கண் தேடல் சரியாக வேலை செய்யும். அடவு ஆடும்போது எஃப் 4, ஆடும் இடத்துக்குக் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டு, ஆட்டக்காரர் அந்தத் தூரத்துக்கு வரும்போது எடுங்கள். பாடியை மாற்றும் நாள் வந்தால் எக்ஸ்-டி5 பாருங்கள், லென்ஸும் நிறமும் உங்களோடு இருக்கும்.

சமையல் வீடியோவுக்குக் கேமரா வாங்கப் போகிறேன். ஆட்டோஃபோகஸ் எது நல்லது?
– வாசகி, ஈரோடு

சட்டியிலிருந்து ஆவி வந்தால் எந்த ஆட்டோஃபோகஸும் அலையும். ஸ்டாண்டில் வைத்து, சட்டியின் விளிம்பில் ஃபோகஸ் செய்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். நீங்களே கேமரா முன் பேசுவதாக இருந்தால் மட்டும் நல்ல ஆட்டோஃபோகஸ் வேண்டும். சோனி இசட்வி-ஈ10, கேனான் ஆர்50 இரண்டும் அதற்குப் போதும். பழைய பானாசோனிக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் நீங்கள் பேசும்போது பின்னணி லேசாகத் துடிப்பதைப் பார்ப்பீர்கள். 2023-இல் எஸ்5-II-க்குப் பிறகு வந்த பல மாடல்களில் அந்தக் குறை சரியாகியிருக்கிறது, வாங்குமுன் மாடலை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடையில் நின்று ஆட்டோஃபோகஸை எப்படிச் சோதிப்பது? செகண்ட் ஹேண்ட் வாங்க உத்தேசம்.
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் மெமரி கார்டைக் கொண்டு போங்கள். கூட ஒரு ஆள் வரட்டும். கடை வாசலில் நின்று, அவரைத் தெருவிலிருந்து உங்களை நோக்கிச் சாதாரண நடையில் வரச் சொல்லித் தொடர்ந்து எடுங்கள். தெருவில் போகிறவர்கள் குறுக்கே வருவார்கள், வரட்டும், அதுதான் நமக்கு வேண்டிய சோதனை. மறுபடி அவரைக் கடைக்குள் வெளிச்சம் குறைந்த மூலையில் நிறுத்தி, ஜன்னல் அவருக்குப் பின்னால் இருக்கும்படி எடுங்கள். கண்ணாடி போட்டவர் என்றால் கண்ணாடியோடும் எடுங்கள், மூக்குக் கண்ணாடியின் ஃபிரேமில் ஃபோகஸ் போய் நிற்கும் கேமராக்கள் உண்டு. லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தே எடுக்க வேண்டும், எஃப் 8-இல் எந்தக் கேமராவும் பாஸாகிவிடும்.

கேமராவின் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும். கார்டை வீட்டுக்குக் கொண்டு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கொடுங்கள். மிரர்லெஸ் என்றால் மெனுவில் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) எண்ணையும் பாருங்கள். நிக்கானின் முதல் இசட்6, இசட்7 கேமராக்களுக்குக் கண் தேடலே 2019-இல் வந்த 2.00 ஃபர்ம்வேரில்தான் சேர்ந்தது. பழைய ஃபர்ம்வேரோடு இருக்கும் கேமராவைச் சோதித்துவிட்டு மோசம் என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொன்று செய்ய வேண்டும். செய்தித்தாளைச் சாய்வாக மேஜையில் விரித்து, நடு வரியில் ஒரு எழுத்தின் மீது நடுப்புள்ளியை வைத்து எடுங்கள். ஷார்ப்பான வரி நீங்கள் வைத்த வரிதானா, அதற்கு மேலா கீழா என்று பாருங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து தள்ளி விழுந்தால் பாடியையோ லென்ஸையோ சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டியிருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

லென்ஸைத் தனியாகவும் சோதியுங்கள். மிகப் பக்கத்தில் ஒரு தடவை, தூரத்தில் ஒரு தடவை என்று மாறி மாறி ஃபோகஸ் செய்யும்போது காதருகே வைத்துக் கேளுங்கள். கரகரவென்ற சத்தம் வந்தாலோ, நடுவில் ஒரு இடத்தில் நின்று நின்று போனாலோ மோட்டார் போகப் போகிறது. அந்த லென்ஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், மோட்டார் மாற்றும் கூலி உங்கள் லாபத்தை விழுங்கிவிடும்.